செவிலியப் பட்டப்படிப்பை மாற்று வழி என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் உயர்கல்வி குறித்து வரும் கட்டுரைகள் பலவற்றில், 'மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் செவிலியம் படிக்கலாம்' என்னும் வரி தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. எழுதுபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வரியை நம்பி வரும் மாணவி, தோற்றுப்போனவள் என்ற எண்ணத்தோடுதான் முதல் நாள் வகுப்பில் வந்து உட்காருகிறாள். செவிலியப் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், அந்த எண்ணத்தைப் போக்குவதற்கே முதல் பருவத்தில் பாதியைச் செலவிட்டிருக்கிறேன்.

ஊசி போடவும் கட்டுக் கட்டவும் பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் எதற்கு என்று பெற்றோர் சிலர் என்னிடம் நேரடியாகவே கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரவுப் பணியில் இருந்தாள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்திருந்த நோயாளியின் இரத்த அழுத்தம், கவலைப்பட ஏதுமில்லை என்று சொல்லும்படியாகவே இருந்தது. ஆனால் நாடித்துடிப்பு 84, 96, 110 என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறியிருந்தது. குழாய் வழியே சிறுநீர் சேரும் பையில் இரண்டு மணி நேரமாக அளவு ஏறக்குறைய அப்படியே நின்றிருந்தது. அவரோ போர்வையை இழுப்பதும் உதறுவதுமாக நிலைகொள்ளாமல் இருந்தார். வலியாக இருக்கும் என்று எண்ணி அவள் அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. நாடியை மீண்டும் ஒரு முழு நிமிடம் எண்ணினாள். விரல் நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தாள். பிறகு பொறுப்புச் செவிலியரை அழைத்து, மூன்று எண்களையும் பதிவான நேரத்தோடு வரிசையாகச் சொன்னாள். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரத்தம் குறையும்போது இதயம் வேகமாகத் துடித்து அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும் என்பதும், அழுத்தம் விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பதும் உடலியங்கியல் பாடத்தில் அவள் படித்தவை. அந்த நோயாளி பிழைத்தார்.

இதை ஒரு மாணவியின் கதையாக மட்டும் நான் சொல்லவில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளைச் சேர்ந்த, அறுவை சிகிச்சை பெற்ற நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. செவிலியருள் பட்டம் பெற்றவர்களின் பங்கு 10 விழுக்காடு கூடுதலாக இருந்த இடங்களில் நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாகவும், ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலே அந்த வாய்ப்பு 7 விழுக்காடு அதிகமாகவும் இருந்ததை அது காட்டியது. படிப்பும் ஆள்பலமும் சேர்ந்தே உயிரைக் காக்கின்றன என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பட்டயம் மட்டும் பெற்ற மூத்த செவிலியர்களிடம் கைத்திறன் கற்றவள் நான். அவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடு எல்லோருக்கும் தெரியும். போர்க்கள மருத்துவமனைகளில் வீரர்கள் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களாலேயே மிகுதியாக மாண்டார்கள் என்பதை எண்ணிக் கணக்கிட்டு, 1858இல் வரைபடமாக்கிக் காட்டியவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குப் பிறகு, 1909இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகமும், 1956இல் எடின்பரோ பல்கலைக்கழகமும் இக்கல்விக்கு இடமளித்தன.

பணிவாய்ப்பு என்றதும் வார்டு மட்டுமே நினைவுக்கு வருகிறது. தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, டயாலிசிஸ், மனநலம், மகப்பேறு என்று மருத்துவமனைக்குள்ளேயே தனித்தனித் துறைகள் உள்ளன. வெளியே சமுதாய நலப் பணி, பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் நலக் கண்காணிப்பு, மருந்து ஆய்வு, கற்பித்தல் ஆகியன காத்திருக்கின்றன. தொற்றுத் தடுப்புச் செவிலியர் என்ற பொறுப்பையும் சொல்ல வேண்டும். கை கழுவுவதிலிருந்து கருவிகளின் தூய்மை வரை ஒரு மருத்துவமனை முழுவதையும் கண்காணிப்பவர் அவர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் தொடங்கிய பயிற்சியின் வழியே, நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் உயர்நிலைச் செவிலியர் என்ற பிரிவு உருவாயிற்று. இன்று பல நாடுகளில் இவர்கள் மருந்துச் சீட்டும் எழுதுகிறார்கள். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கி, இறுதிக்கால வலிநிவாரணச் சிகிச்சைக்கு வழிகாட்டிய சிசலி சாண்டர்ஸ், மருத்துவராவதற்கு முன் செவிலியராகப் பயின்றவர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தனர். இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டனர். வேலை கிடைக்குமா என்ற அச்சத்துக்கு இந்த எண்கள் ஓரளவு பதில் சொல்லும். ஆனால் பட்டம் வேறு, பணிபுரியும் உரிமம் வேறு. வெளிநாடு செல்ல விரும்புவோர் அந்நாட்டுப் பதிவு, மொழித் தேர்வு ஆகியவற்றை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இரவுப் பணியும் முதுகுவலியும் நோயாளியின் மரணத்தை அருகிலிருந்து காண்பதும் இத்தொழிலில் உள்ளவைதாம். இவற்றை மறைத்து யாரையும் சேர்க்கக் கூடாது.

ஆகவே, உயர்கல்விக் கட்டுரைகளில் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக, மாணவர்கள் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகளை வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் செவிலியக் கல்விக்குக் குறைந்தது 4,600 மணி நேரத்தை விதித்து, அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும் என்கிறது. இங்கே பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில், எத்தனை மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், இரவுப் பணியின்போது அந்த ஆசிரியர் உடனிருப்பாரா என்று சேர்க்கைக்கு வரும் மாணவரும் பெற்றோரும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியப் பேராசிரியர் ஒருவர்