அவளிடமிருந்து அந்த வாளை வாங்கி வை

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் இருந்து ஒரே மூச்சில் வாசித்தேன். உன் சோழ இளவரசி குதிரை ஏறுகிறாள், வாள் வீசுகிறாள், நான்கு பேரைச் சாய்க்கிறாள். நடை நன்றாக ஓடுகிறது. ஆனால் அவள் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணன்மார் செய்வதையெல்லாம் அவளும் செய்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு எதையெல்லாம் மறுத்தார்கள், மிஞ்சியதை வைத்துக்கொண்டு அவள் எப்படி நின்று பிடித்தாள் என்பதைத்தான் நான் தேடினேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் சொல்வதைப் பார். 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொல்கிறான். அக்கன் என்றால் குந்தவை. அரசனுக்கு அடுத்த இடம் அவளுக்கு. வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். ஆனால் அரசிகள் எல்லாரும் அந்த வரியில் வெறும் 'பெண்டுகள்'. பெயரோடு அவர்கள் வருவது வேறு கல்வெட்டுகளில். அக்காவாக இருந்ததால் கிடைத்தது, மனைவியாக இருந்ததால் கிடைக்கவில்லை. உன் இளவரசி இதைக் கவனிக்காமலா இருந்திருப்பாள்?

அதே குடும்பத்தில் இரண்டு கைம்பெண்களும் இருக்கிறார்கள். கணவர் கண்டராதித்த சோழர் போனபின் செம்பியன் மாதேவி பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். பழைய செங்கற் கோயில்களைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியோ சுந்தர சோழர் இறந்தபோது பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினார். திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் புகழ்கிறது. புகழ்வதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. அந்தக் குழந்தையைப் பற்றி நீ எழுதலாம், பிள்ளை.

அப்புறம் மந்தாகினி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் எனக்கு மிக நெருக்கமானவள் அவள்தான். நம் ஈழத்துப் பக்கத்துப் பெண். காதும் கேட்காது, வாயும் பேசாது. தீவில் அவளோடு வாழ்ந்த இளவரசன் சுந்தர சோழன் ஊருக்குப் போய் அரசனாகிவிட்டான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அனுராதபுரத்தில் ஒரு பாழடைந்த மாளிகைச் சுவரில் தன் கதையைச் சித்திரமாகத் தீட்டிவைத்தாள். விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக அருள்மொழிக்கு, அதாவது இளவயது ராஜராஜனுக்கு, காட்டுகிறாள். குந்தவையின் கொடையைக் கல்லில் வெட்டுவதற்குத் தம்பியின் ஆணை வேண்டியிருந்தது. இவள் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் கடைசியில் தன்னை விட்டுவிட்டுப் போன அதே அரசனைக் காப்பாற்றப்போய்த்தான் உயிர் விடுகிறாள். கல்கியை நான் எவ்வளவு கொண்டாடினாலும் அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். தியாகம் என்று சொல்லிவிட்டால் பெண்ணின் கதையை முடித்துவிடலாம் என்பது நம் ஆட்களுக்குப் பழகிப்போன சுகம். உன் கதையில் அவளைப் போல ஒருத்தி வந்தால், அவளை நரைக்கும்வரை வாழவிடு.

இந்தத் தொடரை உன் அம்மம்மா வாராவாரம் கல்கி இதழிலிருந்து பிரித்தெடுத்து, தைத்து, துணி அட்டை போட்டு வைத்திருந்தார். முதல் பக்கத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் ஐந்து பாகத்திலும் ஓரிடத்திலும் இல்லை. அந்தச் சித்திரங்கள் வரும் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் அழுத்தி ஒரு கோடு.

ஞாயிற்றுக்கிழமை வா. முதலில் நூதனசாலைக்குப் போவோம். பொலன்னறுவையில் கிடைத்த காரைக்கால் அம்மையார் வெண்கலச் சிலையை உனக்குக் காட்ட வேண்டும். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று சிவனிடம் கேட்டு வாங்கிய உடம்பு அது. கொஞ்ச நேரம் பேசாமல் முன்னால் நின்று பார். பிறகு வீட்டுக்கு வந்து அம்மம்மாவின் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போ. தையல் விட்டிருக்கிறது, கவனமாகப் பிடி.

உன் பெரியம்மா
வெள்ளவத்தை, கொழும்பு