கோமதிக்கு, புல்மன் ஊர் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் படங்களும் வந்தன. பேத்திக்குச் சளி விட்டதில் சந்தோஷம். இங்கே எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கண் ஆபரேஷனைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை விடு. மாப்பிள்ளை உன்னை சிகாகோவுக்குத் தெற்கே ஒரு பழைய செங்கல் ஊரைப் பார்க்கக் கூட்டிப்போனார், எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறான், தொழிலாளிக்கு இப்படி வீடு கொடுத்த முதலாளியும் இருந்திருக்கிறானே என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஊரைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். பாங்க் வேலையிலேயே காலம் தள்ளியவளுக்கு அந்தக் காலத்து அமெரிக்காவின் பணக் கதை என்றால் ஒரு ருசி.

அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஜார்ஜ் புல்மன் ரயிலுக்குத் தூங்கும் பெட்டி செய்து பணக்காரன் ஆனவர். 1880இல் அந்த ஊரைக் கட்ட ஆரம்பித்தார். குழாய்த் தண்ணீர், காஸ், பூங்கா, நூலகம், சந்தைக் கட்டடம் எல்லாம் உண்டு. நீ காபி குடித்ததாக எழுதியிருந்தாயே, அந்த ஹோட்டல் பக்கம், அது அவருடைய மகள் பெயரில் கட்டியது. ஊருக்கே மது கிடைத்த இடம் அது ஒன்றுதான், அங்கே தொழிலாளி நுழைய முடியாது. வீடு எதையும் விற்கமாட்டார்கள், வாடகைக்கு மட்டும்தான். அந்த வாடகையும் பக்கத்து ஊர்களைவிட அதிகம். நூலகத்துக்குச் சந்தா, தேவாலயத்துக்குக்கூட வாடகை. போட்ட முதலுக்கு வீடுகளும் லாபம் தரவேண்டும் என்பது அவர் கணக்கு. தர்மம் செய்கிறேன் என்று அவரும் சொல்லிக்கொள்ளவில்லை, பார்க்க வந்தவர்கள்தான் அப்படி நினைத்துக்கொண்டு போனார்கள், உன்னைப் போல.

நல்ல காலத்தில் இது ஓடியது. அந்த நாட்டில் அப்போது ரயில் பாதை போட்ட வேகம் சாதாரண வேகமா! உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் சுமார் 35,000 மைல் இருந்தது, 1900இல் 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. அதற்கு இரும்பு, அதற்கு நிலக்கரி, அதற்கெல்லாம் கடன். அதில் ஒரு பெரும் பங்கு லண்டன் பணம். சரக்கு ஏற்ற ஆள் இருக்கிறானா என்று பார்க்காமலே பாதை போட்டார்கள். இப்படித்தான் 1873இல் ஜே குக் என்ற பெரிய பாங்கர் வடக்கு பசிபிக் ரயில் பத்திரங்களை விற்கமுடியாமல் செப்டம்பரில் மூழ்கினார், நியூயார்க் பங்குச்சந்தையையே பத்து நாள் மூடவேண்டியதாயிற்று. அதிலிருந்து புத்தி வந்ததா என்றால், இல்லை. இருபது வருஷம் கழித்து 1893 பிப்ரவரியில் பிலடெல்பியா அண்ட் ரீடிங் ரயில் கம்பெனி திவால். அந்த வருஷத்து நெருக்கடிக்கு அது ஆரம்பம்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, உனக்குத் தெரியுமா? அமெரிக்க அரசாங்கம் 1890இல் போட்ட ஒரு சட்டப்படி மாதாமாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கவேண்டும், சுரங்க முதலாளிகளைத் திருப்திப்படுத்த. அதற்குக் கொடுத்த நோட்டுகளைக் கொண்டுபோய்த் தங்கமாக மாற்றிக்கொள்ளலாம். மக்கள் சும்மா இருப்பார்களா? கஜானாவில் குறையக்கூடாது என்று வைத்திருந்த பத்துக் கோடி டாலர் தங்கம் 1893 ஏப்ரலில் அதற்கும் கீழே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, ஜூன் 26ஆம் தேதி, இங்கே வெள்ளைக்காரன் நாணயசாலைகளை மூடினான். அதுவரை யார் வெள்ளி கொண்டுபோனாலும் ரூபாய் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லண்டனுக்குத் தங்கக் கணக்கில் கட்டவேண்டிய தொகைக்கு விழுந்துகொண்டே போன வெள்ளி ரூபாய் போதவில்லை, அதனால் நிறுத்தினான். வெள்ளி விலை சரிந்தது. கொலராடோவில் சுரங்கங்கள் மூடின. ஜூலையில் டென்வர் நகரத்தில் மூன்றே நாளில் ஒரு டஜன் பாங்குகள் கதவைச் சாத்தின. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அச்சு நின்றதற்கு ராக்கி மலையில் ஒருவனுக்கு வேலை போனது!

அந்த வருஷம் சுமார் 500 பாங்குகளும் 15,000 கம்பெனிகளும் விழுந்தன என்கிறார்கள். ரிசர்வ் பாங்க் மாதிரி ஒன்று அவர்களுக்குக் கிடையாது, அது 1913இல்தான் வந்தது. ஊர் பாங்குகள் தங்கள் கையிருப்பை நியூயார்க்கில் போட்டு வைத்திருக்கும், எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நியூயார்க் எங்கே போகும்? ஆகஸ்டில் சம்பளம் கொடுக்க நோட்டு கிடைக்காமல், செக்கைக் கொடுத்து நோட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள். கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு இதைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனைக்கும் நடுவில் சிகாகோவில் உலகக் கண்காட்சி, வெள்ளை வெளேர் என்று மாளிகைகள். நம் விவேகானந்தர் பேசியது அந்த வருஷம், அந்த ஊரில்தான். கண்காட்சி முடிந்த குளிர்காலத்தில் வேலையில்லாதவர்கள் நகரசபைக் கட்டட நடையில் படுத்துத் தூங்கினார்கள்.

சரி, உன் செங்கல் ஊருக்கு வருகிறேன். பெட்டி ஆர்டர் நின்றதும் புல்மன் ஆட்களைக் குறைத்தார், மிச்சம் இருந்தவர்களுக்குச் சம்பளத்தைச் சராசரியாகக் கால்பங்கு வெட்டினார். நஷ்டத்துக்கு ஆர்டர் எடுத்துத்தான் உங்களுக்கு வேலை கொடுக்கிறேன் என்றார், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் வாடகை? ஒரு சென்ட் குறையவில்லை. பங்குதாரருக்கு வழக்கமான 8 சதவீத டிவிடெண்டும் குறையவில்லை. வேலை கொடுக்கிற கம்பெனி வேறு, வீட்டுக்காரன் வேறு என்று வாதம். இரண்டும் ஒரே ஆள்! சம்பள நாளில் இரண்டு செக் கொடுப்பார்களாம், ஒன்று வாடகைக்கு, அதை அங்கேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டும். சிலருக்கு மிச்ச செக்கில் சில்லறை சென்ட்தான் நின்றது. ஜெனி கர்ட்டிஸ் என்ற தையல் பிரிவுப் பெண், செத்துப்போன அப்பா வைத்துவிட்டுப்போன வாடகைப் பாக்கியைத் தன் கூலியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் விசாரணைக் கமிஷனில் அவளே சொன்னாள். நஷ்டம் வந்தால் அது எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று வாய்க்கால் முன்பே வெட்டி வைத்திருந்தார்கள், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

1894 மே மாதம் குறை சொல்லப் போன குழுவில் மூன்று பேரை மறுநாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மே 11 ஸ்டிரைக். யூஜின் டெப்ஸின் ரயில்வே சங்கம் புல்மன் பெட்டி கோத்த வண்டியைத் தொடமாட்டோம் என்றது, ஜூன் கடைசியில் பாதி நாட்டில் ரயில் நின்றது. பேசித் தீர்க்க ஒன்றுமில்லை என்று புல்மன் கதவை அடைத்துக்கொண்டார். அட்டார்னி ஜெனரல் ரயில் கம்பெனிகளுக்கு வக்கீலாக இருந்தவர், தபால் போகவில்லை என்று கோர்ட்டில் தடை வாங்கினார். சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலத்தின் கவர்னர் ஆல்ட்கெல்ட் வேண்டாம் என்று சொல்லியும் ஜனாதிபதி கிளீவ்லண்ட் பட்டாளத்தை அனுப்பினார். கலவரம், தீ, உயிர்ச்சேதம். டெப்ஸுக்கு ஆறு மாதம் சிறை.

தொழிலாளிகள் எல்லோரும் நல்லவர்கள் என்று நினைக்காதே. அந்தப் பெட்டிகளில் படுக்கை விரித்தவர்கள் கறுப்பினத்தார், பலர் அடிமையாக இருந்தவர்கள், அவர்களைச் சங்கத்தில் சேர்க்கலாம் என்று டெப்ஸ் கெஞ்சியும் சங்கத்து ஆட்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். படுக்கை விரித்த அந்தக் கறுப்பினத்தாருக்குத் தங்கள் சொந்தச் சங்கத்தின் மூலம் கம்பெனியோடு ஒப்பந்தம் கிடைக்க 1937 ஆயிற்று. இதை நினைத்தால் எனக்குப் புல்மனைவிட டெப்ஸ் சங்கத்து ஆட்கள்மேல்தான் கோபம் வருகிறது, முதலாளியிடம் நாம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லையே.

வீடுகளை விற்றுவிடவேண்டும் என்று 1898இல் இலினாய் உச்ச நீதிமன்றம் சொன்னபோது புல்மன் உயிரோடு இல்லை. முந்தின வருஷமே போய்விட்டார். உடம்பை யாராவது தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று குடும்பம் பயந்து, ஈயம் பூசிய பெட்டியில் வைத்து, கான்கிரீட் கொட்டி, மேலே தண்டவாள இரும்பையும் போட்டு மூடினார்கள். சிகாகோவில் கிரேஸ்லண்ட் இடுகாட்டில் இருக்கிறார். பட்டாளம் வேண்டாம் என்ற ஆல்ட்கெல்டும் அதே இடுகாட்டில்தான். மாப்பிள்ளைக்கு ஒரு ஞாயிறு ஒழிந்தால் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வா, படம் எடுத்து அனுப்பு. குளிர் தாங்காவிட்டால் வேண்டாம்.

அப்புறம், சுகுணா வீட்டுக் கல்யாணம் மாசியில். நீ அதற்குள் வந்துவிடுவாயா என்று கேட்டாள், டிக்கெட் போட்டதும் எனக்கு எழுது.

உன்,
வசந்தா