பாடசாலை விழாக்களில் காசு கட்ட முடியாத பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள வழிசெய்யக் கோரும் மனு

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர்,
பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகம்,
களுவாஞ்சிகுடி.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

நான் போரதீவுப்பற்றில் வசிக்கும் ஒரு தாய். கணவர் வயல் கூலி. நான் காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மூத்த மகள் இந்த வலயத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 8 படிக்கிறாள். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. இது ஒரு பாடசாலையில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. அதோடு, அவள் இன்னும் மூன்று வருடம் அங்கேதான் படிக்க வேண்டும். முறைப்படி அதிபர் ஊடாக வர வேண்டிய கடிதம் என்பது தெரியும், அதற்காகப் பொறுத்தருள வேண்டும்.

சென்ற சிறுவர் தினத்துக்கு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள். ஒரே நிற ரீசேட், சாப்பாட்டுப் பார்சல், கேக், பாட்டுப்பெட்டி வாடகை எல்லாம் சேர்த்து. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு இரவும் பட்டியல் வரும். கட்டியவர் பெயருக்கு நேரே பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். கடைசி இரவு அடையாளம் இல்லாமல் ஐந்து பெயர்கள் மிஞ்சியிருந்தன, நான்காவது என் மகளுடையது. போன் என்னுடையதுதான், ஆனால் வகுப்பு வேலைகளும் அதில்தானே வருகின்றன, அவள் பார்க்காமல் இருப்பாளா?

மறுநாள் காலை "வயிறு குத்துது" என்று படுத்துவிட்டாள். குத்தவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அன்றைய விழாவில் ஒரு கோலாட்டம் இருந்தது. இரண்டு கிழமையாக அதைப் பழகி, வீட்டில் தம்பியையும் எதிரே நிறுத்திக் கோல் தட்டியவள் அவள். கோலாட்டத்துக்குச் சோடி வேண்டும். அவளுடைய சோடிக்குப் பழகாத ஒரு பிள்ளையைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்களாம். நட்டம் என் மகளுக்கு மட்டும் இல்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யாரையும் குற்றம் சொல்லவில்லை. வகுப்பாசிரியர் தன் கைக்காசையும் போட்டுத்தான் அந்த நாளை நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். முன்னின்ற பெற்றோரும் பிள்ளைகள் சந்தோசமாக இருக்கட்டும் என்று நினைத்தவர்கள்தான். ஆனால் காசு கேட்கிற மாதத்தை யாரும் யோசிப்பதில்லை. ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், அதை ஒட்டியே வாணி விழா. எங்கள் பக்கத்தில் பெரும்போகத்துக்கு விதைக்கிற காலமும் அதுதான். வெள்ளாமை செய்கிறவர் கையிலிருக்கிற காசு விதைநெல்லுக்கும் உழவு கூலிக்கும் போய்விடும், கூலிக்காரர் கையில் அதுவும் இருக்காது. பிறகு மாரி மழை தொடங்கினால் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகிற பாதையே வெள்ளத்தில் நிற்கும். கையில் நாலு காசு புரள்வது மாசி, பங்குனி அறுவடையில். வெட்டு மெசின் வந்த பிறகு அந்தக் கூலியும் சுருங்கிவிட்டது. இதற்கிடையில் நுண்கடன் கட்டுகிற நாள் கிழமை தவறாமல் வரும். மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் சம்பளக்காரர் கொஞ்சம் கூட, இந்தப் பக்கம் படுவான்கரையில் குறைவு. இரண்டு கரைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிற பாடசாலைகளுக்கு ஒரே கட்டணம் சரிவராது.

1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். 1980இலிருந்து பாடப்புத்தகம் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். வெள்ளைச் சட்டை போட்டு நின்றால் எது டொக்டர் வீட்டுப் பிள்ளை, எது கூலிக்காரன் பிள்ளை என்று தெரியக்கூடாது என்பதும் அந்தத் துணி கொடுத்ததில் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். வருடம் முழுக்க அரசாங்கம் மூடி வைக்கிற வித்தியாசத்தை ஒரு நாள் ரீசேட் திறந்து காட்டிவிடுகிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டும் கலை நிகழ்வும் பிள்ளைகளின் உரிமை என்கிறது. சிறுவர் தினத்திலேயே அந்த உரிமைக்கு 1,800 ரூபாய் விலை வைத்தால் எப்படி?

இந்தக் கடிதத்தைக் கண்டு விழாக்களை நிறுத்தும்படி மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். எனக்குள்ள பெரிய பயம் அதுதான். நிறுத்தினால் அந்தப் பழியும் காசு கட்டாத பிள்ளைகள் தலையில்தான் விழும்: "உங்களாலதான் எங்களுக்குப் பார்ட்டி இல்லை" என்று மற்றப் பிள்ளைகள் சொல்லும். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு இலவசம் என்று வகுப்பில் அறிவிப்பதும் வேண்டாம். ஒருமுறை "அஸ்வெசும எடுக்கிற வீட்டுப் பிள்ளைகள் கையைத் தூக்குங்கோ" என்று, கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் தருகிற அந்த உதவிக் காசைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். என் மகள் தூக்கவில்லை. நாங்கள் எடுக்கிறோம்.

வழி நம்மிடமே இருக்கிறது. வாணி விழாவில் ஒவ்வொரு நாள் பூசையையும் ஒவ்வொரு வகுப்பு பொறுப்பெடுக்கும். ஒரு பிள்ளை அவல் கொண்டுவரும், ஒரு பிள்ளை தேங்காய், இன்னொன்று வீட்டு வாழையில் பழுத்த பழம், ஒன்றும் முடியாதது பூப்பறித்து மாலை கட்டும். எல்லாம் ஒரு தட்டத்தில் சேர்ந்து, பிறகு எல்லோர் கைக்கும் அவலும் கடலையும் வரும். யார் எதைக் கொண்டுவந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. (கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிப்பார்களே, அந்தப் பழக்கம் பாடசாலைக்குள் வராமல் இருந்தால் போதும்.) சிறுவர் தினச் சாப்பாட்டையும் இப்படியே செய்யலாம். வெளியில் பார்சல் எடுக்காமல் பாடசாலையிலேயே ஒரு பெரிய பானையில் சமைத்தால், அரிசி தரக்கூடியவர் அரிசி தருவார், நான் வந்து தேங்காய் துருவுவேன்.

ஆகவே தங்கள் வலயத்துப் பாடசாலைகள் அனைத்துக்கும் ஒரு பணிப்புரை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பாடசாலை நேரத்தில், பாடசாலைக்குள் நடக்கும் எந்த நிகழ்வுக்கும் பணம் கட்டாத காரணத்தால் ஒரு பிள்ளையும் விலக்கப்படக்கூடாது என்பது அதில் முதலாவதாக இருக்க வேண்டும். கட்டியவர், கட்டாதவர் பட்டியல் வாட்ஸ்அப்பிலோ கரும்பலகையிலோ வரக்கூடாது. விரும்பியதைப் போட மூடிய உறை ஒன்று போதும். ரீசேட்டும் தனி உடுப்பும் கட்டாயமில்லை, சீருடையில் வந்தாலும் ஆட விடலாம். செலவு எவ்வளவு என்பதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், கூலிக்குப் போகிற பெற்றோரும் வரக்கூடிய ஒரு பின்னேரத்தில் முடிவெடுக்க வேண்டும். இப்போது கூட்டம் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் வரக்கூடியவர்கள் வந்து முடிவெடுக்கிறார்கள், வர முடியாத கூலிக்காரருக்குக் கட்டணம் வருகிறது.

கல்விச் சுற்றுலா வேறு விசயம். பஸ்ஸுக்குக் காசு வேண்டும்தான். ஆனால் கண்டிக்கும் அனுராதபுரத்துக்கும் போக முடியாத வருடத்தில் மண்டூர் முருகன் கோயிலுக்கு ஒரு நாள் போய் வரலாம். குருமண்வெளியிலிருந்து 'பாதை' என்கிற மிதவையில் ஆற்றைக் கடக்கிறதே பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சோடனைக் காசு கேட்கத் தொடங்கும் முன்னர் இந்தப் பணிப்புரை பாடசாலைகளுக்குக் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும். தாங்கள் அழைத்தால் எந்த நாளிலும் அலுவலகத்துக்கு வந்து நேரில் சொல்லத் தயாராக இருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பிறகென்றால் நல்லது, அதுவரை இடியப்ப வேலை இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரம் 8 மாணவி ஒருவரின் தாய்,
போரதீவுப்பற்று.