4500 ஆண்டு, ஆனால் எதற்கு?

அன்புள்ள சேகர்,

மகள் மொழியியல் முதுகலையில் சேர்ந்து, நீலகிரிக்குக் களப்பணிக்கும் போகப்போகிறாள் என்று எழுதியிருந்தாய், படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சரி, தமிழுக்கு வயது 4500 ஆண்டு என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்ததாக நீ அனுப்பிய வாட்ஸப் செய்திக்கு வருகிறேன். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. 2018-ல் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தாரும் டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தாரும் சேர்ந்து செய்தது அது: 20 திராவிட மொழிகள், ஒவ்வொன்றிலும் கை, நீர், இரத்தம் போன்ற 100 அடிப்படைச் சொற்கள், பேசுகிறவர்களிடமே கேட்டு எழுதியவை. தமிழ், தெலுங்கு, கோண்டி, பலுசிஸ்தானத்துப் பிராகுவி எல்லாவற்றுக்கும் தாயான மொழி கிளைவிடத் தொடங்கியதுதான் 4500 ஆண்டுக்கு முன். அதுவும் ஏறக்குறைய, 3000-த்திலிருந்து 6500 வரை எங்கேயும் இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த வீச்சை வெட்டிவிட்டு ஒற்றை எண்ணை ஊரெல்லாம் பரப்புகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

வீச்சு ஏன் வருகிறது என்றால், மொழிகள் பிரிந்த காலத்தைக் கணிக்க, 1950-களில் மோரிஸ் ஸ்வாடெஷ் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆயிரம் ஆண்டில் நூறு சொல்லில் ஏறத்தாழ 86 தங்கும் என்று ஒரே வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். பிரிந்த இரண்டு மொழியும் தனித்தனியே இழப்பதால் 0.86-ஐ 0.86-ஆல் பெருக்க வேண்டும், அப்போது ஆயிரம் ஆண்டு கழித்து இரண்டிலும் பொதுவாக மிஞ்சுவது நூற்றுக்கு 74. அழகான கணக்குத்தான். ஆனால் 1962-ல் பெர்க்ஸ்லாந்து, வோக்ட் என்ற நார்வே மொழியியலாளர்கள் ஐஸ்லாந்து மொழியை எடுத்துக் காட்டினார்கள்: இரண்டும் பழைய நோர்ஸ் என்ற ஒரே மொழியிலிருந்து வந்திருந்தும் அது நார்வே மொழியைவிட மிக மெதுவாகத்தான் சொற்களை இழந்திருந்தது. இப்போதைய பேயீசியன் முறை, அதாவது நிகழ்தகவை வைத்துக் கணிக்கும் முறை, கிளைக்குக் கிளை வேகம் மாறலாம் என்று ஏற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கான மொழிக்குடும்ப மரங்களைப் போட்டுப் பார்க்கிறது, அதனால் விடையும் வீச்சாகவே வரும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது சொற்பட்டியல், உன் மகளுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதைப் பற்றித்தான். தெலுங்கில் நெத்துரு, கன்னடத்தில் நெத்தரு, சங்கப் பாட்டில் நெய்த்தோர், மூன்றும் ஒரே வேர். இன்று நாம் சொல்வதோ இரத்தம், வடமொழிக் கடன். பேச்சுமொழியை ஒப்பிடும் பட்டியலில் யாராவது தமிழ்ப்பற்றில் நெய்த்தோர் என்று எழுதினால் தமிழும் தெலுங்கும் இருப்பதைவிட நெருக்கமாகத் தெரியும், பிரிந்த காலமும் பின்னுக்கு, நம் காலத்தை நோக்கி வந்துவிடும். பழமைக்காகச் செய்தது பழமையையே குறைக்கும். அதனால் நீலகிரிப் பழங்குடிகளான கோத்தரிடமோ தொதவரிடமோ உன் மகள் கேட்கும்போது வாயில் முதலில் வருவதை எழுதட்டும், பெரியவர்கள் யோசித்துச் சொல்லும் பழஞ்சொல்லைத் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், பட்டியல் முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லு, கணக்கை நானும் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
ரகு