செட்டிநாடு என்பது காரத்தின் அளவு அல்ல: அமெரிக்காவில் தென்னிந்திய உணவகம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவக உரிமையாளர்களுக்கும் சமையற்கூடத்து மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியில் பதினெட்டு ஆண்டுகளாக வசித்துவரும் நான், வாரம் ஒருமுறையேனும் உங்களில் யாராவது ஒருவர் கடையில் கை நனைப்பவன். தேவகோட்டைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த என் தாயார் சென்ற ஆண்டு இங்கு வந்திருந்தபோது, அவரை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்று, உணவுப் பட்டியலில் செட்டிநாடு கோழி இருந்ததைப் பார்த்துப் பெருமையோடு அதையே சொன்னேன். பரிமாற வந்த தம்பி, "மைல்டா, மீடியமா, ஹாட்டா?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. வந்த கிண்ணத்தில் செம்மஞ்சள் நிறக் குழம்பும், அதன் மேல் கோலம் போட்டதுபோல் ஒரு கோடு கிரீமும், அதற்கு மேல் தூவிய மிளகுத் தூளும் இருந்தன. பக்கத்தில் பிள்ளைகளுக்காகச் சொல்லியிருந்த பனீர் கறியின் குழம்பும் இதுவும் ஒரே பாத்திரத்தில் பிறந்தவை என்பது ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. செட்டிநாட்டு மசாலாவுக்கு மணம் தரும் கல்பாசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். உள்ளே போய்த் திரும்பிய தம்பி, "அது என்னன்னு மாஸ்டர் கேட்கிறார், சார்" என்றார். அம்மா குறை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, "பசிக்கு நல்லாத்தான்ப்பா இருக்கு. பேரை மட்டும் வேற வைக்கச் சொல்லு" என்றார்.

இந்த மடல் அந்த ஒரு வரியின் விரிவுதான். அது எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் வேறு பல கடைகளிலும் இதையே சாப்பிட்டிருக்கிறேன்.

நான் கேட்பது கலப்படமற்ற தூய்மையை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெல்லம் போட்ட சாம்பாரைக் கண்டால் "அமெரிக்கச் சாம்பார்" என்று முகம் சுளிக்கும் நம்மவர்கள், உடுப்பி ஓட்டல்களில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வைக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். செட்டிநாட்டுச் சமையலையே எடுத்துக்கொண்டாலும், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்து வட்டித் தொழில் செய்த நகரத்தார் வீடுகளில் வளர்ந்தது அது. அதன் மசாலாவில் சேரும் அன்னாசிப்பூவின் தாயகம் தென்சீனமும் வியட்நாமும் சேர்ந்த நிலப்பகுதி. நாம் இல்லாமல் சமைக்கவே முடியாது என்று நினைக்கும் மிளகாய், இன்று நீங்கள் கடை வைத்திருக்கும் இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. ஆகவே மாற்றுவது பாவம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறதா, மாற்றியதை மாற்றியதாகச் சொல்கிறோமா என்ற இரண்டு மட்டுமே என் கேள்விகள். இதில் நமக்கு முன்னே இந்த நாட்டுக்கு வந்த சீனச் சமையற்காரர்களின் அனுபவம் பார்க்கத் தக்கது. ஹூனான் மாகாணத்தில் பிறந்து, 1949-இல் தைவானுக்குப் புலம்பெயர்ந்த பெங் சாங்-குவெய் என்ற சமையல் வல்லுநர், 1950-களில் அங்கே ஒரு கோழி உணவை உருவாக்கி, தம் மாகாணத்துத் தளபதி ஒருவரின் நினைவாக அதற்கு 'ஜெனரல் ட்சோ கோழி' என்று பெயரிட்டார். 1970-களில் நியூ யார்க்கில் கடை திறந்தபோது, இந்த ஊர் நாக்குக்காக அதில் சர்க்கரை சேர்த்தார். தம் உணவைத் தாமே மாற்றினார். இன்று அது அமெரிக்கச் சீன உணவு என்ற தனி வகையின் அடையாளமாக நிற்கிறது, ஹூனானின் அன்றாடச் சமையல் இதுதான் என்று விவரம் தெரிந்த யாரும் நம்புவதில்லை.

இன்னொரு மாற்றம் சட்டத்தால் வந்தது. நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகை, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பாக்டீரியா நோய் அதன் வழியாக வந்துவிடும் என்ற அச்சத்தில், 1968 முதல் 2005 வரை அமெரிக்கா இறக்குமதி செய்யத் தடை விதித்திருந்தது. அந்த மிளகு இல்லாமல், அதை நம்பியே இருக்கும் மாப்போ டோஃபு என்ற சிச்சுவான் உணவைச் சமைத்தவரை யார் குறை சொல்ல முடியும்? நமக்கும் இதே கதை உண்டு. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிதான். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், ஊரிலிருந்து பச்சை இலையாகக் கொண்டுவர அனுமதியில்லை. அம்மா புடவைக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்த இரண்டு கொத்தும் விமான நிலையச் சோதனையிலேயே போய்விட்டன. இங்கே விளைவதைத்தான் வாங்க வேண்டும், அதன் விலையும் எனக்குத் தெரியும். ஆகவே தாளிப்பில் நான்கு இலை குறைந்ததற்காக நான் உங்களிடம் சண்டைக்கு வரவில்லை.

கல்பாசிக்கு அப்படி என்ன தடை? நீங்கள் துவரம்பருப்பு மூட்டை வாங்கும் அதே இந்திய மளிகைக் கடையில், மராட்டி மொக்குக்குப் பக்கத்தில் சிறு பொட்டலமாகத் தொங்குகிறது. உலர்ந்த மரப்பட்டை போலக் கறுத்துச் சுருண்ட அந்தப் பாசிக்குச் சும்மா முகர்ந்தால் வாசனையே இருக்காது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் நனைந்த மண்ணும் புகையும் கலந்ததுபோன்ற மணம் எழும்பி வரும். ஒரு சட்டிக் கோழிக்கு ஒரு சிட்டிகை போதும். இடர் பொருளில் இல்லை, முறையில் இருக்கிறது: வெங்காயமும் தக்காளியும் முந்திரியும் சேர்த்துக் காலையில் ஓர் அண்டா குழம்பு காய்ச்சிவைத்து, நாள் முழுவதும் அதிலிருந்து அகப்பையால் மொண்டு, கிரீம் ஊற்றினால் ஒரு பெயரும் கீரை கலந்தால் ஒரு பெயரும் மிளகு தூவினால் இன்னொரு பெயருமாக விற்பது உங்களுக்கு எளிது. வாடகையும், ஊரிலிருந்து மாஸ்டரை வரவழைக்க விசா கிடைக்காத பாடும் அறிந்தவன் என்பதால் அதையும் புரிந்துகொள்கிறேன். ஆனாலும், உங்கள் சமையற்கூடங்கள் பலவற்றில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் மெக்சிகோக்காரரின் ஊரில், மிளகாயை வறுத்து மசாலாவோடு அரைத்து 'மோலே' வைப்பது விருந்துச் சமையல். வறுத்து அரைக்கும் பக்குவத்தை அவருக்கு நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு பெயர்தானே என்று நீங்கள் கேட்கலாம். சென்னையின் பழைய பெயருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பிரிட்டனின் கறிக் கடைகளில் 'மெட்ராஸ்' என்றால், கொர்மாவைவிடக் காரமானது, விண்டாலுவைவிடக் காரம் குறைந்தது என்று பொருள். அதற்குமேல் பொருள் கிடையாது. ஒரு மாநகரம் காரமானியில் ஒரு கோடாகிவிட்டது. கோவாவின் விண்டாலுவோ பூண்டும் வினிகரும் மணக்க வேண்டிய உணவு, அதுவும் அடுத்த கோடாகிவிட்டது. உங்கள் உணவுப் பட்டியல்களில் செட்டிநாடு இப்போது அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு. மஞ்சூரியாவில் யாரும் அறியாத கோபி மஞ்சூரியனை 'சைனீஸ்' என்று சொல்லித் தின்று வளர்ந்தவன்தான் நானும். சென்னையில் 'அமெரிக்கன் சாப்சூயி' என்று பொரித்த நூடுல்ஸ் மேல் இனிப்புப் புளிப்புச் சாற்றை ஊற்றி, முட்டையும் பொரித்து வைத்துத் தருவார்கள். அதில் அமெரிக்காவும் இல்லை, சீனாவும் இல்லை, ருசி மட்டும் உண்டு. பெயர் எங்கே போய் முடியும் என்பதைத் தின்றே தெரிந்துகொண்டவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தச் செம்மஞ்சள் குழம்பை நிறுத்த வேண்டாம். என் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். அதை 'மிளகுக் கோழி' என்றோ, உங்கள் கடையின் பெயரிலோ, ஊரின் பெயரிலோ விற்பனை செய்யுங்கள். நம் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரை வைத்து 'எடிசன் கோழி' என்று பெயரிட்டால் நானே முதலில் வாங்குவேன். செட்டிநாடு என்று அச்சிட்டால் மட்டும் கல்பாசியும் மராட்டி மொக்கும் சோம்பும் மிளகும் வறுத்து அரைத்துச் சேருங்கள், காரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பதை அந்த ஓர் உணவுக்காவது விட்டுவிடுங்கள். தினமும் முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சட்டி மட்டும் வையுங்கள். தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அம்மா வரும் கார்த்திகையில் மறுபடியும் வருகிறார். பெட்டியில் இந்த முறை கறிவேப்பிலை இருக்காது. உலர்ந்த கல்பாசி ஒரு பொட்டலம் இருக்கும். சுங்கத்தில் விட்டார்களானால், அன்று "அது என்ன" என்று கேட்ட மாஸ்டரிடம் அதைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
நியூ ஜெர்சி