மோட்டார்ஹோமில் சலவை-உலர்த்தி இயந்திரத்தின் அதிர்வு: தரையையும் பொருத்தலையும் செலவின்றிச் சரிசெய்து தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
மோட்டார்ஹோம் உரிமையாளர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு, மலேசியா.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மோட்டார்ஹோம் உள்ளமைப்புப் பட்டறை.

ஐயா,

வணக்கம். உங்கள் பட்டறை எங்கள் மோட்டார்ஹோமில் பொருத்திக் கொடுத்த சலவை-உலர்த்தி இயந்திரம், ஸ்பின் வேகம் ஏறும்போதெல்லாம் வண்டியையே உலுக்குகிறது. பக்கத்து அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. பக்கச் சுவர் முழங்குகிறது. இயந்திரம் இருந்த இடத்தை விட்டு முன்னால் நகர்கிறது. இதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தெரிவித்தபோது உங்கள் ஊழியர் சொன்ன வழி இரண்டு: காலுக்கு அடியில் ரப்பர் பேட் வையுங்கள்; ஸ்பின்னை நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டையும் எங்களால் ஏற்க முடியாது. இயந்திரத்தைத் தயாரித்தவர்மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. அதைத் தாங்கும் தரையும் அதை நீங்கள் இறுக்கிய விதமும்தான் கோளாறு.

கணக்கை முதலில் பார்ப்போம். டிரம்முக்குள் துணி ஒரு பக்கமாக ஒதுங்கி, மையத்திலிருந்து 20 செ.மீ. தூரத்தில் 200 கிராம் கூடுதலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1,200 சுற்றில் அது உண்டாக்கும் மையவிலக்கு விசை ஏறத்தாழ 630 நியூட்டன். 64 கிலோ எடை இழுப்பதற்குச் சமம், அதுவும் விநாடிக்கு 20 முறை சுற்றிச் சுற்றி. டிரம்மைச் சூழ்ந்த தொட்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கும், ஆட்டத்தை அடக்கும் டாம்பரும் இதில் பெரும்பகுதியை அடக்கிவிடும். மிச்சத்தை வீட்டுச் சிமெண்டுத் தரை பொருட்படுத்தாது. நீங்கள் எங்களுக்குப் போட்டிருப்பதோ நுரைப்பலகைக்கு மேல் 9 மி.மீ. பிளைவுட். 65 கிலோ இயந்திரத்தின் நான்கு கால்களில் மூன்று, சேசிஸ் எனும் வண்டியின் அடிச்சட்டகத்தின் குறுக்குச் சட்டங்களில் ஊன்றாமல் இடைவெளியில் நிற்கின்றன. இப்படிப்பட்ட தரை தப்பு மேளத்தின் தோல் மாதிரி. அடித்த அடிக்கெல்லாம் பதில் சொல்லும். காலுக்குப் பக்கத்தில் கையால் அழுத்தினாலே தரை அமுங்குவது தெரிகிறது.

இந்தத் தரையின்மேல் ரப்பர் பேட் வைத்தால் என்ன ஆகும்? பேட் அதிர்வைத் தடுக்க வேண்டுமானால், இயந்திரமும் பேட்டும் சேர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண்), ஸ்பின் அதிர்வெண்ணைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். குறைந்தது 1.4 மடங்கு இடைவெளி இல்லாவிட்டால் பேட் அதிர்வைக் கூட்டத்தான் செய்யும். கடையில் கிடைக்கும் கெட்டியான பேட் 65 கிலோவுக்கு அரை மி.மீ. அமுங்கினால், அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 22 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் விநாடிக்கு 20, அதாவது 20 ஹெர்ட்ஸ்; கிட்டத்தட்ட அதே எண்தான். பேட்டை மென்மையானதாக மாற்றினால் அந்தச் சிக்கல் குறையும். ஆனால் இயந்திரம் தள்ளாடி அலமாரிச் சுவரில் இடிக்கும், கால்களும் நழுவும். தரை கெட்டிப்படாத வரை பேட்டால் பயன் இல்லை.

ஸ்பின்னை 800-ஆகக் குறைத்தால் விசை 44 விழுக்காடாக இறங்குவது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலை வேறு. துணியில் தங்கும் நீர் கூடும், உலர்த்தும் நேரம் நீளும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். பினாங்கு மழைக்காலத்தில் உலர்த்திக்காகவே இந்த இயந்திரத்தை வாங்கினோம். 1,200 சுற்று என்று சொல்லி விற்றதை 800-இல் ஓட்டச் சொல்வது தீர்வு ஆகாது.

வேகம் குறைவாக இருக்கும்போது நடப்பதும் ஒன்று உண்டு. ஸ்பின் தொடங்கும் முன் டிரம் நிமிடத்துக்கு 90 முதல் 100 சுற்றில் ஓடித் துணியைச் சமமாகப் பரப்பும். விநாடிக்கு அது சுமார் ஒன்றரைச் சுற்று. வண்டியின் உடல் தன் ஸ்பிரிங்மேல் ஆடும் வேகமும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே வண்டி தொட்டில்போல ஆடும், இயந்திரம் சமநிலை கிடைக்கவில்லை என்று திரும்பத் திரும்ப முயலும், கடைசியில் ஸ்பின் செய்யாமலே நின்றுவிடும். நிலைநிறுத்து ஜாக்குகளை இறக்கிய பிறகு இது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் ஜாக் இறக்காமல் துவைக்கக் கூடாது என்று உங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

எல்லாவற்றிலும் எங்களுக்குக் கோபம் வருவது போக்குவரத்து போல்ட் விஷயத்தில்தான். பின்புறத்தில் தொட்டியை இறுக்கிப் பிடிக்கும் அந்த நீளமான போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் துவைக்க வேண்டும், அதைச் செய்தீர்கள். ஆனால் இயந்திரத்தை இடம் மாற்றும்போது திரும்ப மாட்ட வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கிறது. மோட்டார்ஹோமில் இயந்திரம் இடம் மாறாத நாள் ஏது? வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலும் கம்போங் (சிற்றூர்) சாலை வேகத்தடைகளிலும் கான்கிரீட் எடைக்கல்லோடு கூடிய தொட்டி ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு அடிபடுகிறது. டாம்பர் தேய்கிறது, ஸ்பிரிங் கொக்கி நழுவும் நிலைக்கு வருகிறது, அதன் பிறகு நின்ற இடத்திலும் அதிர்வு கூடுகிறது. தொட்டியைக் கீழே அழுத்தி விட்டால் ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். இப்போது எங்களுடையது பல முறை துள்ளுகிறது. டாம்பர் போய்விட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. போல்ட்டுகளை நீங்கள் எங்களிடம் கொடுக்கவும் இல்லை. கொடுத்திருந்தாலும் மாட்ட வழியில்லை: இயந்திரத்தின் முதுகை மூடிய பலகையில் வாசலே வைக்கவில்லை.

கடைசியாக, இயந்திரத்தின் மேல்விளிம்பை எல்-பிராக்கெட் போட்டு அலுமினியப் பக்கச் சுவரில் இறுக்கியிருக்கிறீர்கள். முழக்கம் வருவது அதிலிருந்துதான். இயந்திரத்தை அடிப்பகுதியில்தான் கட்ட வேண்டும். மேலே கட்டுவதென்றால் பயணத்தின்போது மட்டும், ரப்பர் உறையிட்ட பட்டையால்.

நாங்கள் கேட்கும் பணி இது. இயந்திரத்தை வெளியே எடுத்து, 18 மி.மீ. கடல்தர பிளைவுட் பலகையை இரண்டு குறுக்குச் சட்டங்களின்மேல் ஊன்றுமாறு பதியுங்கள். சட்டங்களுக்கு இடையில் 40×40×4 மி.மீ. எஃகு ஆங்கிள் இரண்டு குறுக்கே போட்டு, எம்8 போல்ட், நைலான் பூட்டு நட் கொண்டு இறுக்குங்கள். அடியில் 50×50×3 மி.மீ. தகடு இல்லாமல் போல்ட் போட்டால் நுரைப்பலகை நசுங்கி, சில வாரங்களில் எல்லாம் தளர்ந்துவிடும். துளைகளைப் பாலியுரேத்தேன் சீலன்டால் அடைக்கத் தவறாதீர்கள். சக்கரம் வாரி இறைக்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் ஏறும். இயந்திரத்தின் இரு பக்கமும் பின்புறமும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும், குழாய்கள் எதையும் உரசக் கூடாது. பிறகு வண்டியை ஜாக்கில் மட்டமாக நிறுத்தி, ரசமட்டத்தை முன்-பின், இட-வல, மூலைக்கு மூலை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு காலின் பூட்டு நட்டையும் இறுக்குங்கள். ஒரு கால் தளர்வாக நின்றாலும் மற்ற வேலையெல்லாம் வீண். பின்பலகையில் போல்ட்டுகளை மாட்டும் அளவுக்கு வாசல் வெட்டி, போல்ட்டுகளையும் துளைமூடிகளையும் எங்களிடம் ஒப்படையுங்கள். டாம்பர்களைப் புதிதாக மாற்றுங்கள், சுவரில் போட்ட பிராக்கெட்டை அகற்றித் துளைகளை அடையுங்கள். ஒப்படைக்கும் முன் மூன்று கிலோ கலந்த துணி போட்டு 1,200 சுற்றில் எங்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டுங்கள். ஒற்றைக் கம்பளியைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். தனிக் கனத் துணியைச் சமன் செய்வது எந்த இயந்திரத்துக்கும் கடினம்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் 33-ஆம் பிரிவு, பொருள் வாங்குபவர் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்கிறது. 53-ஆம் பிரிவு, சேவை தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. ஓடும் வண்டிக்கு என்று சொல்லித்தான் உங்களிடம் வேலை கொடுத்தோம். இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் பணி தொடங்கும் தேதியை எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொலைபேசி உறுதிமொழி வேண்டாம். தவறினால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்வோம்.

தரையின் படங்களும் தொட்டி துள்ளும் காணொலியும் இணைப்பில் உள்ளன. வண்டியை வேலை நாட்களில் எந்தக் காலையிலும் உங்கள் பட்டறையில் கொண்டுவந்து விட முடியும்.

இப்படிக்கு,
மோட்டார்ஹோம் உரிமையாளர்கள்,
பட்டர்வொர்த்.