இரண்டாம் பருவ நிறைவும் ஜனவரிச் சுற்றுலாவும்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பள்ளி திறக்கும் அன்று விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். பார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். கலைத் திருவிழாவில் பரிசு வாங்கியவர்களுக்கும் கபடி அணிக்கும் பாராட்டுகள். மழையில் ஒழுகிய வகுப்பறைக் கூரையைச் சரிசெய்தாகிவிட்டது. காலை வழிபாட்டுக்குப் பிந்தி வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு எட்டாம் வகுப்பு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும், ஒன்பதாம் வகுப்பு வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போகின்றன. அதைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பருவத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புகள் ஓர் உயிரியல் பூங்காவுக்குப் போய்வந்தன. உடன் வந்த பெற்றோர்களுக்கு அங்கே நடந்தது தெரியும். மான் வேலிக்குள் பிஸ்கட்டும் ரொட்டியும் போயின. படுத்திருந்த முதலை மேல் கல் விழுந்தது. பாம்பு இருந்த கண்ணாடியில் தட்டியபடியே இருந்தார்கள். இதையெல்லாம் பிள்ளைகள் மட்டும்தான் செய்தார்கள் என்று எழுத முடியவில்லை.

ஒரு பிஸ்கட்டால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வி நியாயமானதுதான். மான் அசைபோடும் பிராணி. அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் தழையையும் மெதுவாக நொதிக்கவைத்துப் பழகியவை. ரொட்டி, பிஸ்கட், சோறு என்று மாவுப்பொருள் மொத்தமாக உள்ளே போனால் அது வேகமாகப் புளித்து அமிலம் ஏறிவிடும். அசைபோடுவது நிற்கும், வயிறு உப்பும், கழிச்சல் காணும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பொங்கலை அள்ளிவைத்துவிட்டு மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடியவர்கள் நம் ஊரிலும் உண்டு. அதே நோய்தான் இது. நீங்கள் போடுவது ஒன்றே ஒன்றாக இருக்கலாம். விடுமுறை நாளில் அந்த வேலியோரம் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள்.

பிஸ்கட்டைவிட மோசமானது அதன் உறை. உப்பும் எண்ணெயும் ஒட்டியிருப்பதால் மான் அதையும் சேர்த்து மென்றுவிடும். நெகிழி செரிக்காது, கீழேயும் இறங்காது. முதல் வயிற்றிலேயே தங்கிப் பந்தாகச் சேரும். வயிறு நிறைந்தே இருப்பதால் மான் தீனி எடுக்காமல் மாதக்கணக்கில் மெலியும்.

வேலியோரம் கூச்சலிட்டு மான்களை ஓடவைப்பதும் விளையாட்டல்ல. மிரண்டு ஓடும் மானின் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். ஓடிய அன்று வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டொரு நாள் கழித்து மான் செத்துக் கிடக்கும்போது, காரணமானவர்கள் எப்போதோ வீடு திரும்பியிருப்பார்கள்.

முதலை விஷயத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அசையாத முதலையைக் கண்டால் உயிரோடிருக்கிறதா, பொம்மையா என்று பார்க்கக் கல்லெறிகிறார்கள். முதலை தன் உடற்சூட்டை வெயிலிலிருந்து பெறும் பிராணி. தின்றது செரிக்கவே அது கரையில் கிடந்து வெயில் காய வேண்டும். வாயைத் திறந்துவைத்திருப்பது பெரும்பாலும் சூட்டைத் தணிக்க. கல் பட்டால் தண்ணீருக்குள் இறங்கிவிடும், வெயில் காய்வது கெடும். கண்ணில் பட்டால் பார்வை போகும். எறிகிற நாணயத்தையும் பாட்டில் மூடியையும் அது விழுங்கிவிட்டால், மயக்கமருந்து கொடுத்து எடுப்பது எளிதான காரியமில்லை. 1976இல் இந்தப் பண்ணை தொடங்கப்பட்டதே அழிந்துகொண்டிருந்த நம் நாட்டு முதலைகளைக் காப்பாற்றிப் பெருக்கத்தான். அங்கே போய்க் கல்லெறிவது எவ்வளவு பொருந்தாத செயல் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது; ஆனால் அதிர்வை உடலாலும் தாடையாலும் உணரும். கண்ணாடியைத் தட்டினால் சீறிப் பாய்ந்து மூக்கை மோதிக்கொள்ளும். அந்தக் காயம் வாய்ப்புண்ணாகி இரை எடுக்காமல் போவதுண்டு.

குரங்கினங்களுக்கு நம் சளியும் காசநோயும் தொற்றும். 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததும், நீலா என்ற பெண் சிங்கம் இறந்ததும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். எனவே இருமலோ காய்ச்சலோ உள்ள பிள்ளையை அன்று அனுப்ப வேண்டாம். கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம்.

இனி எழுதுவதைக் கண்டிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தமிட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாவற்றையும் தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. அந்த அளவுக்குப் போகுமுன் பள்ளி தன் பங்கைச் செய்யும். கல்லெறிந்த அல்லது தீனி போட்ட மாணவர் அந்த நிமிடமே ஆசிரியருடன் பேருந்துக்குத் திரும்ப வேண்டும். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவில் அவருக்கு இடமில்லை. உடன் வரும் பெற்றோர்களுக்கும் இதே விதிதான். பெரியவர்கள் என்பதற்காகத் தளர்த்த மாட்டோம்.

ஏற்பாடுகள் இவை. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். காலைச் சிற்றுண்டி பேருந்திலேயே முடிந்துவிடும், மதிய உணவைப் பள்ளியே தரும். ஆகவே நொறுக்குத்தீனி எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். வண்டலூரில் நடை அதிகம், 602 ஹெக்டேர் பரப்பு. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, பழகிய செருப்பு அவசியம். அங்கே மரங்களில் சுற்றும் நாட்டுக் குரங்குகள் கையிலிருக்கும் பையைக் குறிவைத்துப் பறிக்கும். ஜிப் வைத்த முதுகுப் பை போதும், துணிக்கடைக் கவர் வேண்டாம். கைபேசி ஆசிரியர்களிடம் மட்டும் இருக்கும். அதிலும் ஃப்ளாஷ் போட மாட்டோம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதால் புதன்கிழமை கிளம்புகிறோம்.

சென்ற முறை வேலியோரம் நின்று பிள்ளைகளைப் பொறுமையாக விலக்கிவிட்ட தாய்மார்களுக்கும், வழியில் வாந்தி எடுத்த பிள்ளைகளைக் கடைசிவரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. நீங்கள் இல்லாமல் எந்தச் சுற்றுலாவும் நடக்காது. இந்த முறையும் வர விருப்பமுள்ளவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தைப் பள்ளி திறந்த மூன்று நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்